கீதியைத் தேடிய இருபது நாள்

எழுபத்துநாலாம் வருஷம் ஐப்பசி மாதம், போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் ஒரே சமயத்தில் நாற்பது பேர் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்கள். குறைத்துச் சொல்ல வேண்டுமென்றால் முப்பத்தொன்பது. மதுரை பஸ்சிலிருந்து மஹீன் இறங்கியதுதான் காரணம். முழங்கால் வரைக்கும் கவுன், தோளோடு கத்தரித்த முடி, பாதி முகத்தை விழுங்கிய கறுப்புக் கண்ணாடி, கையில் ஏழு வயது மகள் கீதி. அவளுக்கு முன்னால் இறங்கிய புருஷன் ஜலாலை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவர் தெஹ்ரானில் பெரிய ஏலக்காய் வியாபாரி. ஊரே தன்னை வரவேற்கத் திரண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கை ஆட்டியபடி நடந்தார்.

ஈரான்காரர்களுக்கு ஏலக்காய் போடாத டீ வெந்நீருக்குச் சமம். பம்பாய் தரகர்கள் ஒன்றைக் காட்டி ஒன்றை அனுப்பியதில் ஜலால் நொந்துபோய், காய் விளைகிற மலையடிவாரத்துக்கே நேரில் வந்துவிட்டார். போடியில் அவருக்குச் சரக்கு பிடித்துக் கொடுத்தது நாகூர் கனி ராவுத்தர். நாகூர் கனியின் மனைவி மதீனாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீட்டு மாடியை ஒழித்து, வெள்ளையடித்து, மூன்று மாதத்துக்கு விருந்தாளிகளிடம் கொடுத்தார்கள்.

நாகூர் கனி பொய் சொல்லாத வியாபாரி. அந்த வகையில் போடியில் அவர் ஒருத்தர்தான் என்று மற்ற வியாபாரிகளே சத்தியம் செய்வார்கள். அதைவிடப் பெரிய வியாதி ஒன்று அவருக்கு உண்டு. ஏலக்காய் வியாபாரத்தில் சரக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே அனுப்பியவருக்குத் தந்தி போய்விட வேண்டும். அது பழக்கம். மற்றவர்கள் சரக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். நாகூர் கனி ஆள் வந்தாலும் தந்தி கொடுப்பார். கல்யாணத்தன்று கம்பத்திலிருந்து மதீனாவைக் கூட்டிவந்து வாசலில் இறக்கிவிட்டு, மாப்பிள்ளைக் கோலத்தோடேயே தபாலாபீசுக்கு ஓடி, பதினாறு மைலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாமனாருக்கு, "பெண் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது" என்று தந்தி அடித்தார். ஆரம்பத்தில் மதீனாவுக்கு வெட்கமாக இருந்தது. நாலு வருஷத்தில் அவளுக்கும் அது தொற்றிக்கொண்டு, "வந்தாச்சுன்னு தந்தி குடுத்தாச்சா?" என்று அவளே கேட்க ஆரம்பித்தாள்.

அந்த மூன்று மாதத்தை மதீனா பிற்பாடு எத்தனையோ முறை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். மஹீன் தொழும்போது, அவர்கள் நாட்டு வழக்கப்படி, நெற்றி படுகிற இடத்தில் சின்ன மண் வில்லை ஒன்றை வைப்பாள். கற்கண்டைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு அதன் வழியே கறுப்பு டீயை உறிஞ்சுவாள். அதைப் பார்த்து மதீனா கருப்பட்டியைக் கடித்துக் குடித்துப் பார்த்து, இரண்டு கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தாள். மஹீன் அப்போது மசக்கையாக இருந்தாள். போடியிலும் தேவாரத்திலும் அந்த வருஷம் மாங்காய் விலை ஏறியதற்கு அவள்தான் காரணம் என்று காய்க்கடைக்காரர்கள் சொன்னார்கள். மிளகாய்த்தூள் தொட்டு அவள் தின்ற வேகம் அப்படி. சின்னப் பெண் கீதி கொல்லையில் கிடக்கிற கல்லையெல்லாம் பொறுக்கி வந்து, சின்னதிலிருந்து பெரிதாக ஜன்னல் கட்டையில் அடுக்குவாள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

பேசுவதற்குப் பொது பாஷை கிடையாது. ஆனாலும் மூன்று மாதத்தில் மதீனாவிடமிருந்து மஹீன் அறுபது தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டாள். போடித் தமிழ். வா, போ, சோலி, கொண்டா, வெரசா. அந்த அறுபதை வைத்துக்கொண்டு தன் வாழ்க்கை முழுவதையும் சொல்லிவிட்டாள். வாத்தியார் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்ததாம். அந்த வாரமே கல்யாணம் ஆனதாம். அதற்குப் பிறகு புருஷன் பெட்டியைத் தூக்கிய ஊருக்கெல்லாம் அவளும் ஒரு பெட்டியாகப் போனாள்.

"குவைத், ஜன்னல்," என்றாள் மஹீன், கையால் ஒரு சதுரம் போட்டுக் காட்டி. "ஜெர்மனி, ஜன்னல். போடி, ஜன்னல்."

மாடி ஜன்னலில் மேற்கு மலை முழுசாகத் தெரியும். தினமும் காலையில் அதைக் காட்டி, அங்கே கூட்டிப் போகச் சொல்லி ஜலாலிடம் அவள் கேட்பாள். அவர் நாளைக்கு என்பார். அந்த நாளை வரவில்லை. மார்கழியில் சரக்கோடு கப்பலேறினார்கள். மலையடியிலேயே நாலு வருஷமாகக் குடியிருந்த மதீனாவும் அதுவரை மலை ஏறியதில்லை என்பது, மஹீன் போன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

நாலைந்து வருஷத்தில் அங்கே ஆட்சி மாறியது. அடுத்த வருஷம் பக்கத்து நாட்டோடு சண்டையும் வந்தது. ஈரானுக்குப் போகிற ஏலக்காய் நின்றது. கடிதமும் நின்றது. நாகூர் கனி ரேடியோவில் அந்த ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் சத்தத்தைக் கூட்டி வைப்பார், ஜலாலைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்பதுபோல.

எண்பத்தைந்து ஆவணி. காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மண் நிறத்தில் நீண்ட கோட்டு, தோளில் ஒரு பை, பதினெட்டு வயது. கண்ணைப் பார்த்ததுமே மதீனாவுக்குத் தெரிந்துவிட்டது. "கீதி," என்றாள். அந்தப் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இரண்டாவது டம்ளர் கையில் இருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். மறுநாள் மத்தியானம் வரை எழவில்லை. மசூதிப் பாங்கு ஐந்து வேளையும் அவள் காதுக்கு மேலே போனது.

அவள் தூங்கின அந்த முதல் மணி நேரத்திலேயே, பெற்றவர்கள் என்ன தவிப்புத் தவிப்பார்களோ என்று மதீனா புருஷனைத் தபாலாபீசுக்கு விரட்டினாள். நாகூர் கனிக்கோ ஆறு வருஷமாக அந்த விலாசத்துக்குத் தந்தி கொடுக்க வாய்ப்பில்லாமல் கை ஊறிக் கிடந்தது. ஓடினார். "கீதி நல்ல நிலையில் வந்து சேர்ந்தாள். கவலை வேண்டாம்."

மறுநாள் கீதி எழுந்து, சோறு தின்று, கதையைச் சொன்னாள். அவளுக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ். நாகூர் கனிக்கு ஏலக்காய் இங்கிலீஷ். சாம்பிள், கிரேடு, ஈரப்பதம், ரிஜெக்ட், இவ்வளவுதான். அதை வைத்து மதீனாவுக்கு அவர் விளக்கினார்.

"பாறை, மண்ணு, சொரங்கம், இதப் பத்திப் படிக்கணும்னு கேட்டுருக்கு. பொம்பளப் புள்ளைக்கு அந்தக் கிரேடு கெடையாதுன்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்களாம். ஜலாலு ஒரு வியாபாரி மகனுக்குப் பேசி முடிச்சிருக்காரு. இது கராச்சில ஒரு கல்யாணத்துக்குச் சித்தி கூடப் போறேன்னு அப்பங்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டுக் கெளம்பி, அங்கெருந்து நைசா டில்லிக்கு வந்துருச்சு."

கனடாவில் ஒரு கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. விசா டில்லியிலிருந்து தபாலில் வர வேண்டும். ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். இந்தியாவில் ஒரு விலாசம் எழுது என்றபோது, அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் கிடங்கில் சாக்குச் சாக்காக அச்சடித்திருந்த நாகூர் கனி, போடிநாயக்கனூர்.

"ஒரே ஒரு விசயம்," என்றார் நாகூர் கனி கடைசியாக. குரல் இறங்கிவிட்டது. "தான் இங்க இருக்கிறது வீட்டுக்குத் தெரியவே கூடாதுங்குது."

தந்தி போய் ஒரு முழு நாள் ஆகியிருந்தது.

நாலாம் நாள் தெஹ்ரானிலிருந்து பதில் வந்தது. "வெளியே விடாதீர்கள். ஆள் வருகிறது." இப்படியாக, டில்லிக் கடிதம் ஒரு பக்கமும் தெஹ்ரான் ஆள் ஒரு பக்கமும் போடியை நோக்கிக் கிளம்பிவிட்டன. எது முந்துகிறதோ அதன் கையில் கீதி. கராச்சி வரை வந்து, டில்லி வரை வந்து, கடைசியில் தன் அவசரத்தால் அந்தப் பிள்ளை திரும்பிப் போக நேர்ந்தால் தான் இனி எந்த முகத்தோடு தொழுவது என்று மதீனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நாகூர் கனிக்கு வேறு கவலை. "அவரு பொண்ணு. வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. இப்ப இல்லன்னு எப்பிடிச் சொல்றது?" என்று அவர் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே உலாத்தினார். அந்த உலாத்தலில் தரை அரை இஞ்ச் தேய்ந்தது. மதீனா விவாதம் பண்ணவில்லை. மறுநாள் விடிந்ததும் அவர் கடைக்குப் போகக் காத்திருந்து, ஒச்சம்மாளைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஒச்சம்மாள், மலை உச்சியில் போடிமெட்டை ஒட்டிய ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரில், காய் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி. அவள் முறத்தைத் தட்டினால் கீழே கேரளத்து ஆறு ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போகும் என்பார்கள். கீதியை மேலும் கீழும் பார்த்தாள்.

"பேரு என்னத்தா? கீதியா? கீதான்னு வச்சுக்குவோம். எங்க வரிசைல உக்காந்து காம்பு கிள்ளட்டும். மூக்கும் முழியும் வெள்ளையாருக்கேன்னு எவனாச்சும் கேட்டா, மூணாறு தொர பேத்தின்னு சொல்லிப்புடறேன்."

சோலைமலை ஓட்டிய ஜீப்பில் ஏற்கெனவே முப்பத்திரண்டு எஸ்டேட் ஆட்கள் இருந்தார்கள். சோலைமலையே பாதி உடம்பை வெளியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டினான். முப்பத்துமூன்றாவதாகக் கீதியைச் செருகினார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அவள் வாந்தி எடுக்காமல், பாறை வெட்டிய இடத்தையெல்லாம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள் என்று சோலைமலை வந்து சொன்னான்.

பொண்ணைக் காணோம் என்று மதீனா சொன்னதும் நாகூர் கனி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வந்து சேர்ந்ததாகத் தந்தி கொடுத்த ஒன்று அவர் கிடங்கிலிருந்து காணாமல் போவது அதுவே முதல் தடவை.

இருபது நாள் கழித்துத் தெஹ்ரான் ஆள் வந்தது. துப்பாக்கியோடு ஜலால் வருவார், அண்ணன் தம்பி ஆறு பேர் வருவார்கள் என்றெல்லாம் மதீனா கற்பனை பண்ணியிருந்தாள். பஸ்சிலிருந்து இறங்கியது தனியாக ஒரு பெண். தலையில் இறுக்கிய முக்காடு, கணுக்கால் வரை கறுப்புக் கோட்டு. இந்தத் தடவை யாரும் டீயைக் கொட்டவில்லை. வாசலில் வந்து நின்றவளை மதீனாவுக்கே அடையாளம் தெரியவில்லை. வந்தவள் சொன்னாள், "மதீனா. மாங்கா கொண்டா."

பதினொரு வருஷம். இருவரும் கட்டிக்கொண்டு அழுததில் வாசல்படி நனைந்தது.

ஜலாலால் வர முடியாது. பழைய ஆட்சிப் பெரிய மனிதர்களோடு தொடர்பு வைத்திருந்தார் என்று அவருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். தம்பிமார்கள் சண்டைக்குப் போகிற வயதில் இருந்ததால் அவர்களுக்கும் எல்லை தாண்ட அனுமதி இல்லை. வீட்டில் நாட்டை விட்டு வெளியே போகக்கூடிய ஆள் என்று மிச்சம் இருந்தது மஹீன் ஒருத்திதான். அதற்கும் புருஷன் கையெழுத்து வேண்டும். மகளைக் கொண்டுவர ஜலால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது நாற்பது நாளுக்குத்தான் செல்லும். போடியில் மாசமாக இருந்தபோது வயிற்றில் இருந்த பையன் பெஹ்ரூஸுக்குப் பத்து வயது. அவன் அங்கே.

நாகூர் கனி அவமானத்தில் மஹீன் முகத்தைப் பார்க்கவில்லை. மதுரைக் காலேஜ்களில் ஈரான் பிள்ளைகள் படிக்கிறார்களாம், கீதி அங்கேதான் போயிருப்பாள், கொண்டுவந்து ஒப்படைக்காமல் திரும்ப மாட்டேன் என்று அடுத்த பஸ்சுக்கே கிளம்பிப் போனார்.

மதீனா பொய்யைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஓட்டினாள். மஹீன் எதையும் கேட்கவில்லை. மறுநாள் காலை மாடிக்குப் போனவள் வெகுநேரம் கீழே வரவில்லை. மதீனா ஏறிப்போய்ப் பார்த்தாள். ஜன்னல் கட்டையில் கல். கீதி இங்கே இருந்த ஏழெட்டு நாளில் பொறுக்கியவை, சின்னதிலிருந்து பெரிதாக. மஹீன் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் மதீனா தாக்குப்பிடித்திருப்பாள்.

"மலைல இருக்கா," என்றாள் மதீனா. "நாந்தேன் ஒளிச்சு வச்சேன். ஒம் புருசனுக்குச் சொல்லிக் குடுத்ததும் நாந்தேன். ஒன்னயக் கும்புட்டுக் கேக்குறேன், அந்தக் காயிதம் வர்ற வரைக்கும் பொறு."

கடைசி வாக்கியத்தில் மஹீனுக்குத் தெரிந்த வார்த்தை எத்தனை இருந்ததோ. "வெரசா," என்றாள் அவள். "மலை. போ."

இரண்டு பெண்களும் சோலைமலையின் ஜீப்பில் ஏறினார்கள். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. எட்டாவது வளைவில் மேகம் வண்டிக்குள் புகுந்து, சீட்டுக் கேட்டு உட்கார்ந்தது. மதீனா கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தாள். மஹீன் இமைக்கவே இல்லை.

ஸ்டோரில் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில், கண்டாங்கிச் சேலையைக் கோட்டுக்கு மேல் சுற்றிக்கொண்டு கீதி. அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை. சண்டை தொடங்கியது.

காலை பத்துக்குத் தொடங்கிய சண்டை மத்தியானச் சோற்று மணி வரை நடந்தது. பாரசீகத்தில். பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து சோலியைப் போட்டுவிட்டு ஆட்கள் வந்தார்கள். எல்லையில் இருந்த மலையாளத்து டீக்கடைக்காரர் பாய்லரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒருத்தருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை என்பதால், ஒச்சம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வரிக்கு வரி மொழிபெயர்த்தாள்.

"ஆத்தாகாரி என்ன சொல்றான்னா, ஒன்னயப் பெத்த வயித்துல பெரண்டயத்தேன் வச்சுக் கட்டணும்ங்கிறா."

"ஒனக்கெப்பிடிக்கா வெளங்குது?" என்று கேட்டாள் பக்கத்திலிருந்த ராமுத்தாய்.

"பெத்தவ வைய்யிறதுக்குப் பாஷ எதுக்குடி? எங்காத்தாளும் இதே ராகத்துலதேன் வைவா."

கீதி நீளமாக ஏதோ சொன்னாள். ஒச்சம்மாள் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "கலியாணம் கட்டுனா நாலு வருசத்துல நாலு பெத்துப்புடுவேன், அப்பறம் நான் கல்லப் பாக்கவா, புள்ளயப் பாக்கவான்னு கேக்குது. கேட்டோ, அதுலயும் ஞாயம் இருக்குல்ல?"

பிற்பாடு விசாரித்தபோது அவள் சொன்னதில் முக்கால்வாசி சரியாக இருந்தது என்பதுதான் அதிசயம். அப்பா சாப்பிடுவதில்லை, தம்பி தினமும் உன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்கிறான் என்று மஹீன் அழுதாள். கீதியும் அழுதாள். ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீதி ஒரு சின்னக் கேள்வி கேட்டாள். நாலைந்து வார்த்தைதான் இருக்கும். மஹீன் வாயைத் திறந்தாள். மூடினாள். முப்பது பெண்களும் ஒச்சம்மாள் பக்கம் திரும்பினார்கள்.

"இது மட்டும் வெளங்கல," என்றாள் ஒச்சம்மாள்.

மஹீன் நேராக வரிசைக்கு நடந்தாள். மகள் எழுந்த இடத்தில் போய் உட்கார்ந்து, முறத்தை மடியில் இழுத்துவைத்து, காய்க்குக் காம்பு கிள்ள ஆரம்பித்தாள். தெஹ்ரானில் எத்தனை வருஷம் அதே காயை டீயில் நசுக்கிப் போட்ட கை. காம்பைக் கிள்ளினால் தோல் கிழிந்தது. ராமுத்தாய் அவள் விரலைப் பிடித்துச் சரி பண்ணினாள்.

வெயில் இறங்கும்போது மஹீனும் மதீனாவும் ஸ்டோர்ப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே போடி தீப்பெட்டி மாதிரி கிடந்தது. அந்த வீட்டு ஜன்னல் எங்கே இருக்கும் என்று மஹீன் தேடினாள், தெரியவில்லை. பிறகு, கேட்காமலேயே சொன்னாள்.

"கீதி கேட்டா. அம்மா, நீ தனியா வந்த. எப்பிடி இருந்துச்சு?"

"சொல்லு, எப்பிடித்தேன் இருந்துச்சு?"

மஹீன் எழுந்து நின்று நடித்துக் காட்டினாள். பம்பாய் ஸ்டேஷன், ஆயிரம் பேர் வரிசை. முழங்கையால் ஒருவனை இடித்தாள். இன்னொருவனை முறைத்தாள். கவுண்டரில் கையை நுழைத்தாள். "டிக்கெட். ஜலால் இல்ல. நான்." முப்பத்தாறு வயதில் முதல் தடவை. உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள், தெஹ்ரானில் யார் காதிலாவது விழுந்துவிடும் என்பதுபோல. "நல்லா இருந்துச்சு," என்றாள். "ரொம்ப."

அதற்குமேல் மகளைத் திரும்பி வா என்று அவள் கூப்பிடவில்லை.

ஆனால் கடிதம் வரவில்லை. நாலு நாள் மஹீன் மலையிலேயே மகளோடு இருந்தாள். மதீனா மட்டும் கீழே வந்து தினமும் தபால்காரர் முனியசாமியை மடக்கினாள். ஐந்தாம் நாள் அவர் சொன்னார், "நேத்தே டில்லிக் கவர் ஒண்ணு வந்துச்சே, கடைல ராவுத்தர் கைலயே குடுத்துட்டேனே."

நாகூர் கனி முந்தின நாளே மதுரையிலிருந்து வந்துவிட்டிருந்தார். வந்ததிலிருந்து கடையை விட்டு நகரவில்லை. மதீனா கடைக்கு ஓடினாள். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் அவள் அந்தக் கடைக்குள் காலை வைத்தது இல்லை. அவர் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் கவர். பிரிக்கவில்லை. அதை டில்லிக்கே திருப்பி அனுப்பினால் கேட்க ஆள் கிடையாது. ஜலாலுக்கு வாக்குத் தவறாத வியாபாரியாகவும் இருந்துவிடலாம்.

"மதுரைல பதினோரு ஈரான் புள்ளைகளப் பாத்தேன் மதீனா," என்றார்.

மதீனா நின்றாள்.

"முன்னாடியெல்லாம் அங்கெருந்து பயலுக படிக்க வருவானுக. பொம்பளைக வந்தா புருசன் பின்னால வருவாங்க, மஹீன் வந்த மாதிரி. இதுக தனித்தனியா வந்துருக்குக. அப்பன் இல்ல, புருசன் இல்ல. ஒருத்திக்கு அங்க காலேஜையே பூட்டிட்டாங்களாம். ஒருத்தி அண்ணன் சண்டைல செத்துட்டான், இருக்க முடியலங்குது. இன்னொருத்தியோட ஆத்தா கோர்ட்டுல ஜட்ஜா இருந்தவுகளாம், பொம்பளை உக்காரக் கூடாதுன்னு எறக்கி விட்டுட்டாங்களாம். அதப் பாத்துட்டு இது வக்கீலுக்குப் படிக்க வந்துருக்கு. ஒருத்தி, சைக்கிள் ஓட்டணும்ங்கிற ஆசைக்காக வந்தேங்குறா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. கீதி இங்க வந்துச்சான்னு நான் கேட்டா, பதினொண்ணும் பதில் சொல்லாம என்னயவே பாக்குதுக. புடிச்சுக் குடுக்க வந்தவன்னு எம் மூஞ்சில எழுதி ஒட்டியிருந்த மாதிரி."

கவரை எடுத்து மதீனா கையில் வைத்தார்.

"கீதி மலைல இருக்குன்னு நேத்து வந்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சோலைமலைக்கு வாய் நிக்குமா? நான் பொய் சொல்ல மாட்டேன், அது ஒனக்குத் தெரியும். ஆனா ஜலாலு கேட்டா, தேடிக்கிட்டு இருக்கோம்னு சொல்லலாம். தேடணும், அவ்வளவுதேன். தேடுறது பொய்யில்லயே. நீயும் மஹீனும் போயி நல்லாத் தேடுங்க."

விசா இருந்தது. இரண்டாம் நாள் கீதி போடி ஸ்டேஷனில் ரயிலேறினாள். மலையிலிருந்து ஒச்சம்மாள் பட்டாளமே இறங்கி வந்திருந்தது. பையில் ராமுத்தாய் ஒரு படி ஏலக்காயைத் திணித்தாள். கீதியே எட்டுக் கல்லைத் திணித்திருந்தாள். கனடாவில் சோதனை போடுகிறவன் அந்தப் பையைத் திறந்தால் இது என்ன நாட்டுச் சீதனம் என்று தலைசுற்றி விழுவான். தாயும் மகளும் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெற்றியை ஒட்டி நின்றார்கள். என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று ராமுத்தாய் கேட்டாள். ஒச்சம்மாள் வாயைத் திறக்கவில்லை. அதையும் சரியாகப் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்க வேண்டும்.

கையெழுத்தில் இன்னும் இருபத்தைந்து நாள் மிச்சம். வழிப்பயணத்துக்கு ஐந்து போனால் இருபது. கீதி போன உடனே மஹீன் திரும்பினால் ஜலாலுக்குச் சந்தேகம் வரும். ஆகவே இருபது நாளும் தேடினார்கள்.

தேடாத இடம் கிடையாது. தேவாரத்தில் யானை மிதித்த கரும்புத் தோட்டத்துக்குள் தேடினார்கள்; தோட்டக்காரர் கரும்பை வெட்டிக் கொடுத்து, தின்றுகொண்டே தேடச் சொன்னார். கம்பத்தில் மதீனாவின் சித்தி பாத்துமுத்து வீட்டில், பிரியாணிச் சட்டிக்குள் அடிவரைக்கும் தேடினார்கள். சினிமாக் கொட்டகையில் ஒரே படத்தில் மூன்று தடவை தேடினார்கள். ஒரு வேளை இடைவேளைக்குப் பிறகு கிடைத்தாலும் கிடைப்பாள் அல்லவா. பொட்டிபுரத்துக் கரட்டில் ஏறி, எட்டுத் திசையிலும் தேடிவிட்டு, மூச்சு வாங்கிப் படுத்துக்கொண்டார்கள். போடிமெட்டுக்கு மட்டும் ஆறு தடவை போனார்கள். சோலைமலை முன்சீட்டை அவர்களுக்கென்றே காலி பண்ணி வைத்தான். நாகூர் கனி தினமும் சாயங்காலம், "இன்னைக்கு எங்க தேடுனீக?" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்பார். சொல்லச் சொல்ல அவருக்கே ஆசை வந்து, பதினாலாம் நாளிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு அவரும் தேட வந்தார்.

பத்தொன்பதாம் நாள் குரங்கணி ஓடையில் இரண்டு பெண்களும் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மஹீன் முக்காட்டை அவிழ்த்துப் பக்கத்துப் பாறையில் போட்டிருந்தாள். முடியில் நரை நிறைய. இத்தனை நாளாக மதீனா கேட்க நினைத்து, கேட்டால் அழுதுவிடுவோம் என்று தள்ளிப்போட்டதை அன்றைக்குக் கேட்டாள்.

"நீயும் போயிருக்கலாம்ல? கைல கையெழுத்து இருந்துச்சே."

மஹீன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெஹ்ரூஸ்," என்றாள். "பத்து வயசு. பதினாலு, பதினஞ்சு ஆனா..." துப்பாக்கி பிடிப்பதுபோலக் கையைத் தூக்கிக் காட்டி, உடனே இறக்கிக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி கூட்டிப் போகணும். நான். திரும்பக் கையெழுத்து? ஜலால் போட மாட்டாரு."

மதீனா யோசித்தாள். மீன் குஞ்சுகள் வந்து இரண்டு பேர் கால்விரலையும் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. அவள் முகத்தில், நாகூர் கனி மதுரையிலிருந்து பதினொரு பெண்களைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவ்வப்போது தலைகாட்டுகிற ஒரு திருட்டுத்தனம் வந்து உட்கார்ந்தது.

"அடி மஹீனு, பொண்ணு கெடைச்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப ஜலாலு என்ன செய்வாரு? விட்டுருவாரா? அடுத்த வருசமும் தேடத்தான சொல்லுவாரு?"

மஹீன் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஒருத்தியாத் தேடுனா கெடைக்காது," என்றாள் மதீனா. "இவ்வளவு பெரிய மல. தொணைக்கு ஒரு ஆம்பளை வேணும். வீட்டுல வெளிய வர்றதுக்குப் பத்துப் பன்னெண்டு வயசுல ஒரு ஆம்பளை இருக்கானா இல்லையா?"

அந்த அறுபது வார்த்தைகளைத் தாண்டி அவ்வளவும் மஹீனுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. புரிந்தது. அவள் சிரித்த சிரிப்பில் ஓடைக்கு அந்தப் பக்கத்து மரத்திலிருந்து நூறு கிளி கிளம்பியது. குறைத்துச் சொன்னால் தொண்ணூறு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது. முக்காட்டை எடுத்து உதறி, தலையில் கட்டிக்கொண்டு, காலைத் தண்ணீரை விட்டு எடுத்தாள்.

"எழு," என்றாள் மதீனாவிடம். "இன்னைக்கு இன்னும் தேடல. அந்தப் பக்கம் போ."

இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடையோடு மேல்நோக்கி நடந்தார்கள்.